சொந்தக் கைக்கு ஒரு சொந்தக் கத்தி

ஓசூர் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டினால் ஹெப்பகோடி. அதை ஒட்டினாற்போல் பொம்மசந்திரா தொழிற்பேட்டை. 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ ரயிலும் இங்கு வரை வந்துவிட்டது. லேத்திலும் கிரைண்டரிலும் நின்று பிழைக்கும் தமிழ்த் தொழிலாளர்கள் பலருக்கு ஊரில் இன்னும் கொஞ்சம் காடு, கொல்லை உண்டு. லீவில் போனால் வேலி முள் வெட்ட வேண்டும், ஆட்டுக்குத் தழை கழிக்க வேண்டும், தேங்காய் உரிக்க வேண்டும். கடையில் வாங்கிய கத்தியோ நாலு கட்டையைக் கண்டதும் வாய் மடங்கிவிடுகிறது.

தன் கைக்கும் தன் வேலைக்கும் தக்கபடி ஒரு கத்தியைத் தானே செய்துகொண்டால் என்ன? வைஸும் அரமும் பழகிய கைக்கு இது எட்டாத காரியமல்ல. ஆனால் எதிலும் அளவு தெரிய வேண்டும்.

பழைய வழக்கம்

ஆளுக்குத் தக்க கத்தி என்பது நமக்குப் புதிதல்ல. கிராமத்துக் கொல்லர் பட்டறையில் எல்லோருக்கும் ஒரே கத்தி அடிப்பதில்லை. பாளை சீவுகிறவருக்கு ஒன்று, கருவேல முள் வெட்டுகிறவருக்கு ஒன்று, கதிர் அறுக்கிறவருக்கு வேறொன்று. இரும்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, துருத்தி ஊதி, உடனிருந்து அடித்து வாங்கி வருவார்கள். சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி இத்தொழிலால் பெயர் பெற்ற ஊர். சினிமாக்காரர்கள் அந்தப் பெயரை வெட்டுக் குத்தோடு சேர்த்துவிட்டார்கள். அரிவாளோ விவசாயியின் கருவி.

இதே ஓசூர் சாலை போய்ச் சேரும் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் மயிலாடும்பாறை இருக்கிறது. அங்கு கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. எல்லைக்கு இந்தப் பக்கமும் பெருமை குறைவில்லை. 1800-ல் மைசூர் நாட்டில் பயணம் செய்த பிரான்சிஸ் புக்கானன், களிமண் மூசையில் இரும்பை அடைத்து எஃகு செய்யும் முறையைக் கண்டு எழுதினார். அந்த எஃகை வெள்ளைக்காரர்கள் ‘ஊட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தில் எஃகைக் குறிக்கும் ‘உக்கு’ என்ற சொல்லே அப்படித் திரிந்தது என்பர்.

எந்த இரும்பு?

கதவு, ஜன்னலுக்குப் பயன்படும் சாதா இரும்பில் கார்பன் குறைவு. அதை எவ்வளவு சுட்டுத் தோய்த்தாலும் கடினம் ஏறாது. லாரியின் ஸ்பிரிங் பட்டையில் நூற்றுக்குச் சுமார் அரைப் பங்கு முதல் 0.6 பங்கு வரை கார்பன் உண்டு. கத்திக்கு இது போதும். பழைய இரும்புக் கடையில் எடைக்குக் கிடைக்கும். ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். ஆகவே ஒரு சிறு துண்டைச் சுட்டுத் தோய்த்து உடைத்துப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவது நல்லது.

ஒர்க்‌ஷாப்பில் தேய்ந்து கழித்த பவர் ஹாக்சா பிளேடில் கத்தி செய்கிறவர்களும் உண்டு. அது ஏற்கெனவே கடினமானது. உலை வேண்டாம், சாணை பிடித்தால் போதும். ஆனால் நெம்பினால் ஒடியும். அதையும் முதலாளியைக் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமல் எடுத்தால் கேட்டில் வேலை போகும்.

இன்னொன்று. ஹீலலிகே ஸ்டேஷன் பக்கம் தண்டவாளத்து ஓரத்தில் கிளிப்போ போல்ட்டோ கிடந்தால் தொடவே கூடாது. ரயில்வே சொத்தை முறைகேடாக வைத்திருப்பது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கே ஐந்தாண்டு வரை சிறை உண்டு.

அட்டையில் கத்தி

முதலில் அட்டையில் வரைந்து வெட்டிக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டும். சில்லறை வேலைக்கு நாலு அல்லது ஐந்து அங்குல அலகு போதும். கைப்பிடிக்குள் போகும் வால் கடைசி வரை முழு அகலத்தில் இருந்தால் பலம். அலகும் பிடியும் சேருமிடத்தில் கூர்மூலை விடாமல் அரத்தால் உருட்டிவிட வேண்டும். விரிசல் புறப்படுவது அந்த மூலையில்தான். கிரைண்டரில் பிடிக்கும்போது கண்ணாடி அணிவது அவசியம். தோய்ப்பதற்கு முன்பே வாயைக் கூராக்கிவிடக் கூடாது. மெல்லிய வாய் சூட்டில் கோணும்.

உலையில் பரீட்சை

இனி வருவதுதான் பரீட்சை. கரி உலையில் அலகு சிவந்ததும் காந்தத்தைக் காட்டிப் பார்ப்பார்கள். சுமார் 770 டிகிரியில் காந்தம் ஒட்டாது போகும். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றி, வெதுவெதுப்பான எண்ணெயில் தோய்க்க வேண்டும். தண்ணீரில் போட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கலாம். பல நாள் உழைப்பு அந்த ஒரு சத்தத்தில் விரிசலாகிவிடும்.

தோய்த்த கத்தி கண்ணாடி மாதிரி. கீழே விழுந்தாலும் உடையும். ஆகவே மறுபடி 200 முதல் 250 டிகிரி வரை இளஞ்சூடு காட்டிப் பதப்படுத்த வேண்டும். தேய்த்து வெளுப்பாக்கிய பரப்பில் வைக்கோல் மஞ்சள் நிறம் படரும். அதுதான் வாய்க்குப் பதம். நீலம் ஏறிவிட்டால் வாய் இளகிவிட்டது என்று அர்த்தம். பிறகு சாணையிலும் அடிக்கடி தண்ணீரில் நனைத்துப் பிடிக்காவிட்டால் சூடேறி, உலையில் கொடுத்த பதம் அங்கே போய்விடும். கைப்பிடிக்குக் கருவேலங்கட்டையும் பித்தளை ஆணியும் போதும்.

சட்டத்தின் அளவு

ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ, இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகை 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் ஆயுத வகையில் சேர்க்கின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் ஆன கருவிகளுக்கு விலக்கு உண்டு. ஆனாலும் இரவு ஷிப்ட் முடிந்து வரும் வெளிமாநிலத்தான் பையில் கத்தி இருந்தால், அது வேலி வெட்டவா வேறெதற்கா என்று நடுரோட்டில் யார் விளக்கம் சொல்வது? மெட்ரோ வாசலிலும் பையைச் சோதிக்கிறார்கள்.

பக்கத்தில்தானே பன்னேர்கட்டா என்று காட்டுக்குள் எடுத்துப் போவதும் ஆபத்து. அது தேசியப் பூங்கா. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் கத்தியும் ஆயுதமே. எழுத்து மூலம் அனுமதி இல்லாமல் உள்ளே கொண்டு போகக் கூடாது.

ஆகவே கத்தி பிறப்பது பட்டறையில் என்றாலும் அது குடியிருக்க வேண்டிய இடம் ஊர்க் கொல்லைதான். ஊர்ப் பட்டறையிலேயே செய்துகொண்டால் கொண்டுபோகும் கவலையும் இல்லை. துணைக்கு அனுபவப்பட்ட கொல்லரும் இருப்பார். எண்ணெய் தடவி, உறையில் போட்டு, பிள்ளைகளுக்கு எட்டாமல் வைத்தால் பல வருஷம் உழைக்கும். ஆயுத பூஜைக்கு ஊரில் இருக்க நேர்ந்தால், பொம்மசந்திராவில் மிஷினுக்குப் பொட்டு வைக்கும் கை, தான் செய்த கத்திக்கும் ஒரு பொட்டு வைக்கலாம்.