எஞ்சினை மாற்றுவதா, வண்டியை விற்பதா?

தீவகத்திலே வாகனம் வைத்திருப்பது ஆடம்பரத்துக்காக மட்டுமன்று. வேலணையிலிருந்து யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டுமாயின் பண்ணைப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். நயினாதீவாருக்கும் நெடுந்தீவாருக்குமோ, கடல் தாண்டிக் குறிகட்டுவானில் இறங்கிய பின்னரே தரைவழி தொடங்கும். நள்ளிரவில் ஒருவருக்கு நெஞ்சுநோவு கண்டால், காலை பஸ் வரும்வரை நோய் காத்திருக்குமா?

எங்கள் முற்றத்திலே நிற்கும் பழைய பஜேரோ ஜீப், அயலவரையும் ஏற்றிக்கொண்டு எத்தனையோ இரவுகள் அவ்வழியே ஓடியிருக்கிறது. 1990களில் செய்யப்பட்ட வண்டி. ஒரு காலத்தில் அமைச்சர்களும் முதலாளிமாரும் சென்ற சொகுசு வாகனம். என் தமையனார் வெளிநாடு சென்றபோது எங்களிடம் விட்டுச் சென்றார்.

சென்ற வைகாசியில் அதற்கு நோய் கண்டது. றேடியேற்றரில் நீர் குமிழியிட்டது. புகைக்குழாயில் வெண்புகை எழுந்தது. எஞ்சினின் தலைப்பாகம் வெடித்துவிட்டது என்றும், கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் வாங்கிப் பூட்டுவதே வழி என்றும் பலர் கூறினர். அதற்கான தொகையோ, மகளின் மேற்படிப்புக்கெனச் சேர்த்து வைத்த பணத்திற் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

“அண்ணையின்ரை ஞாபகத்துக்காகப் பிள்ளையின்ரை படிப்புக் காசிலை கை வைக்கிறதே?” என்றாள் மனைவி. என்னிடம் மறுமொழி இல்லை.

விற்றுவிட்டு வேறு வண்டி வாங்குவதும் எளிதன்று. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. வரிச்சுமையோ ஆசிரியரின் சம்பளத்துக்கு எட்டாதது. பஜேரோ உற்பத்தியும் 2021இல் நின்றுவிட்டது.

இந்த நிலையில் முதிய மெக்கானிக் ஒருவரை அழைத்து வந்தேன். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து, மண்ணெண்ணெயில் ஒஸ்டின், மொறிஸ் கார்களை ஓட்டிய தலைமுறையைச் சேர்ந்தவர். அந்த எஞ்சின்கள் எளிய அமைப்பும் குறைந்த அமுக்கமும் கொண்டவை. ஆதலால் அந்தக் கொடுமையைத் தாங்கின. இன்றைய டீசல் எஞ்சின் அவ்வளவு பொறுமைசாலியன்று.

“மாஸ்டர், எஞ்சின் கிடக்கட்டும். முதல்லை அடியைப் பாப்பம்,” என்றார் அவர்.

வண்டியின் கீழே படுத்து, செசி எனப்படும் இரும்புச் சட்டத்தைச் சிறு சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டினார். உப்புக்காற்று தின்ற இரும்பு மந்தமாக ஒலிக்கும். நல்ல இரும்பு கணீரென்னும். பின்புறக் குறுக்குச் சட்டம் ஒன்றைத் தவிர யாவும் கணீரென்றன. சுவர் இருந்தாலன்றோ சித்திரம் எழுதலாம்? செசி உக்கியிருந்தால், எத்தகைய எஞ்சினைப் பூட்டினும் அது வீண் செலவே.

அடுத்து எஞ்சினைத் திறந்தார். நீர் ஓடும் வழிகளிலே செம்மண் குழம்பு போலத் துருவும் சுண்ணாம்புப் படிவும் அடைத்திருந்தன. குற்றம் எங்களுடையதே. நன்னீர் அரிதான ஊரில், உவர்க் கிணற்று நீரையே ஆண்டுக்கணக்காக றேடியேற்றரில் ஊற்றினோம். அது இரும்பை அரித்தது. வெப்பம் வெளியேறாமல் தடுத்தது. அலுமினியத் தலைப்பாகம் சூடேறி வெடித்தது. காரணம் அறியாமல் எஞ்சினை மாற்றியிருந்தால், புதியதும் அதே நீரைக் குடித்து அதே வழியிற் போயிருக்கும்.

மூன்றாவதாக அளவுகோலை எடுத்தார். சிலிண்டர்கள் தேயவில்லை, அடிப்பகுதியில் வெடிப்பும் இல்லை. முழு எஞ்சினும் வேண்டாம். நீர்வழிகளைச் சுத்தம் செய்து, தலைப்பாகத்தையும் றேடியேற்றரையும் மாற்றினாற் போதும் என்றார். எஞ்சின் எண் மாறாதபடியால், அதனைப் பதிவுப் புத்தகத்தில் திருத்துவதற்காக மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அலையும் வேலையும் மிச்சம். செலவு நாலிலொன்றாகக் குறைந்தது. மகளின் பணம் வங்கியிலேயே இருக்கிறது.

பழைய வாகனம் வைத்திருக்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. வண்டியின் உடல் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும், எஞ்சின் எதனால் கெட்டது, உண்மையிற் கெட்டது எவ்வளவு என்ற மூன்றையும் அறிந்த பின்னரே பணப்பையைத் திறவுங்கள். செலவு வண்டியின் பெறுமதியிற் பாதியைத் தாண்டுமாயின் விற்றுவிடுவதே மேல்.

இப்போது எங்கள் வீட்டு மூலையிலே காய்ச்சி வடித்த நீர்ப் போத்தல்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றை முறை தவறாமல் வாங்கி வைப்பவள் என் மனைவி.