பெர்ல் ரெஜெக்ஸில் சொற்பட்டியல் தேடல்

பட்டியலில் உள்ள பல சொற்களில் எவையெல்லாம் ஓர் உரையில் வருகின்றன என்பதை, பெர்ல் மொழியின் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ரெஜெக்ஸ்) கொண்டு ஒரே ஓட்டத்தில் கண்டறிவது சொற்பட்டியல் தேடல் ஆகும்.

பாலாற்றைக் கெடுத்த தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. அது குறித்த தமிழ்ச் செய்திகளைத் திரட்டும் மாணவர் ‘தோல்’, ‘பாலாறு’, ‘ஆம்பூர்’, ‘ஆலங்காயம்’, ‘வாணியம்பாடி’ முதலியவற்றைத் தேடுவார். ஒவ்வொரு சொல்லுக்கும் தனித்தனியாகத் தேடினால் உரை முழுவதையும் அத்தனை முறை படிக்க வேண்டும். சொற்களை | குறியால் இணைத்து ஒரே ரெஜெக்ஸாக்கினால் ஒருமுறை போதும். 2007-இல் வெளியான பெர்ல் 5.10 முதல், இத்தகைய பட்டியலை பெர்ல் தானாகவே ‘டிரை’ என்னும் மர அமைப்பாக்கிக்கொள்கிறது. ஆம்பூருக்கும் ஆலங்காயத்துக்கும் பொதுவான ‘ஆ’ ஒருமுறைதான் ஒப்பிடப்படும்.

தமிழில் வேகத்தைவிடப் பெரிய தொல்லை சொல்லின் ஈறு. ‘தோல்’ என்று மட்டும் தேடினால் ‘தோல்வி’ அகப்படும். புள்ளி மறைந்துவிட்ட ‘தோலை’, ‘தோலில்’ தப்பிவிடும். புள்ளியை நீக்கி ‘தோல’ என்று தேடினால் இவை கிடைக்கும், ஆனால் ‘தோல்வி’ போகாது. தங்கம் நிறுக்கும் ‘தோலா’வும் சேர்ந்துகொள்ளும். எனவே ‘தோல’வுக்குப் பின் புள்ளியோ, ஐ, இல், இன், ஆல், உக்கு போன்ற உருபுகளின் குறிகளோ வந்து, அத்துடன் சொல் முடிய வேண்டும் என்று எழுதுவதே சரி. ‘தோற்பை’, ‘தோற்பொருள்’ ஆகியவற்றை முழுச் சொற்களாகச் சேர்க்கலாம். ‘தோற்’ என்று சுருக்கினால் தோற்றமும் தோற்கடித்தவரும் வந்து நிற்பார்கள். பாலாறு ‘பாலாற்றில்’ என்றும், ஆலங்காயம் ‘ஆலங்காயத்தில்’ என்றும் திரிவதால் அவ்வடிவங்களும் பட்டியலில் வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத பிழையும் உண்டு. ‘தோ’வின் ஓகாரக் குறி யூனிகோடில் ஒரே குறியீடாகவோ, இரட்டைக்கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவோ இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. பெர்லுக்கு வேறு வேறு. பிழைச்செய்தி எதுவும் வராது, விடை மட்டும் குறையும். உரையை முதலில் யூடிஎஃப்-8-இலிருந்து எழுத்துகளாக மாற்றி, பின்னர் உரை, பட்டியல் இரண்டையும் என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்தில் சேர்ந்தன. பிந்தைய செய்திகளுக்காக ‘திருப்பத்தூர்’ என்று சேர்த்தால் சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரும் கிடைக்கும். அவற்றை ஆள் பார்த்துத்தான் பிரிக்க வேண்டும்.