குறைந்த கட்டண நெடுந்தூரப் பயணம்: பேருந்தும் ரயிலும்

குறைந்த கட்டண நெடுந்தூரப் பயணம் என்பது குளிரூட்டப்பட்ட வகுப்பு, விமானம், வாடகைக் கார் போன்றவற்றைத் தவிர்த்து, இயன்றவரை குறைந்த செலவில் தொலைவிலுள்ள ஊருக்குச் செல்வதாகும். தமிழ்நாட்டில் இதற்கு முதன்மையாக மூன்று வழிகள் உள்ளன. அவை ரயிலின் முன்பதிவில்லாப் பொதுப்பெட்டி, ரயிலின் இரண்டாம் வகுப்புப் படுக்கைப் பெட்டி, அரசு விரைவுப் பேருந்து ஆகியன. தனியார் ஆம்னி பேருந்தை நான்காவதாகச் சொல்லலாம். ஆனால் அதன் கட்டணம் நாளுக்கு நாள் மாறும்.

கல்லூரி மாணவர்கள், கட்டடத் தொழிலாளர்கள், போட்டித் தேர்வு எழுதச் செல்வோர், பெருநகர மருத்துவமனைகளுக்கு வருவோர் எனப் பலரும் இவ்வழிகளையே நம்பியுள்ளனர். இவற்றில் பயணச்சீட்டின் விலை குறைவு. எனினும், பணமாகக் கொடுக்காததைப் பயணி காத்திருப்பாகவும், இழந்த தூக்கமாகவும், இடம் கிடைக்குமா என்ற கவலையாகவும் கொடுக்க நேர்கிறது. இப்பயணத்தின் நிறைகுறைகளை அறிய இந்த இரண்டாவது விலையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ரயில் கட்டணம் ஏன் குறைவு?

இந்திய ரயில்வேயின் சாதாரண வகுப்புக் கட்டணம் தூரத்தைக் கொண்டு கணக்கிடப்படுகிறது. தூரம் கூடக்கூட ஒரு கிலோமீட்டருக்கான கட்டணம் குறைந்துகொண்டே போகும். அதனால் சென்னையிலிருந்து நாகர்கோவில் போன்ற நீண்ட பயணங்களில் ரயிலுக்கும் பேருந்துக்கும் உள்ள கட்டண வேறுபாடு பெரிதாகத் தெரிகிறது.

பயணிகள் சேவைக்கு ஆகும் முழுச் செலவும் கட்டணத்திலிருந்து கிடைப்பதில்லை. சராசரியாகப் பயணச் செலவில் 57 விழுக்காடு மட்டுமே மீட்கப்படுகிறது என்ற வாசகம் பயணச்சீட்டிலேயே அச்சிடப்பட்டது உண்டு. நிலக்கரி முதலிய சரக்குகளை ஏற்றிச் செல்வதில் வரும் வருவாய் இந்த இடைவெளியின் பெரும்பகுதியை நிரப்புகிறது. கட்டண உயர்வும் சிறு அளவிலேயே நடக்கிறது. மெயில், விரைவு ரயில்களின் குளிரூட்டப்படாத வகுப்புகளில் 2020 ஜனவரியில் கிலோமீட்டருக்கு 2 பைசாவும், 2025 ஜூலையில் 1 பைசாவும் கூட்டப்பட்டன.

ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் இடங்கள் நிரம்ப நிரம்பக் கட்டணம் ஏறும் முறை 2016 செப்டம்பரில் வந்தது. வழக்கமான விரைவு ரயிலின் படுக்கைப் பெட்டிக்கு அம்முறை இல்லை. தீபாவளிக்கு முந்தைய நாளும் சாதாரண செவ்வாய்க்கிழமையும் அங்கே ஒரே கட்டணம்தான். வேண்டுவோர் எத்தனை பேர் ஆனாலும் விலை ஏறாததால், யாருக்கு இடம் என்பதை முன்பதிவு வரிசை தீர்மானிக்கிறது.

மூன்றாம் வகுப்பிலிருந்து

எளியோரின் ரயில் பயணத் துன்பம் பழையது. மூன்றாம் வகுப்பின் நெரிசலையும் அழுக்கையும் பற்றிக் காந்தியடிகள் 1917இல் எழுதினார். மூன்றாம் வகுப்பு 1974இல் நீக்கப்பட்டு, இரண்டாம் வகுப்பே கடைசி வகுப்பானது. ஆனால் பல பெட்டிகளில் மரப்பலகைப் படுக்கைகளே தொடர்ந்தன. மது தண்டவதே 1977 முதல் 1979 வரை ரயில்வே அமைச்சராக இருந்தபோது இரண்டாம் வகுப்புப் படுக்கைகளுக்கு மெத்தை போடும் பணி தொடங்கியது. இன்று சாதாரணமாகத் தோன்றும் அந்த மெல்லிய மெத்தை, குறைந்த கட்டணப் பயணிக்குக் கிடைத்த பெரிய முன்னேற்றங்களில் ஒன்று.

படுக்கைப் பெட்டியும் முன்பதிவும்

பழைய வகைப் படுக்கைப் பெட்டியில் 72 இடங்களும், எல்.எச்.பி. எனப்படும் புதிய வகையில் 80 இடங்களும் உள்ளன. இரவில் படுத்துத் தூங்கிச் சென்று, காலையில் நேரே வேலைக்கோ தேர்வுக்கோ போக முடிவது இதன் பெரிய நன்மை. ஒரு நாள் விடுதி வாடகையும் மிச்சமாகிறது.

2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைக்கப்பட்டது. பண்டிகை நாட்களுக்கான இடங்கள் முன்பதிவு தொடங்கிய சில நிமிடங்களிலேயே தீர்ந்துவிடுவது வழக்கம். அதன்பின் கிடைப்பவை இரண்டு. ஆர்.ஏ.சி. சீட்டில் இருவர் ஒரு பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இருக்கைகளாகப் பகிர்ந்து அமர்ந்து செல்லலாம். காத்திருப்போர் பட்டியலில் உள்ள இணையச் சீட்டு, பயணிகள் பட்டியல் தயாராகும்போதும் உறுதியாகாவிட்டால் தானாக ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போகப் பணம் திரும்ப வரும். ஆனால் அந்த நேரத்தில் வேறு வழி தேடுவது கடினம்.

கடைசி நேரப் பயணிகளுக்காக 1997இல் தட்கல் முறை கொண்டுவரப்பட்டது. ரயில் புறப்படும் நாளுக்கு முந்தைய நாள் குளிரூட்டப்பட்ட வகுப்புகளுக்குக் காலை 10 மணிக்கும், மற்றவற்றுக்கு 11 மணிக்கும் பதிவு தொடங்கும். கட்டணம் கூடுதல். உறுதியான தட்கல் சீட்டைப் பயணி தானாக ரத்து செய்தால் பணம் திரும்பாது. வேகமான இணையமும் அந்த நேரத்தில் ஓய்வும் உள்ளவருக்கே இது எளிது. காலை 11 மணிக்குச் சித்தாள் வேலையில் இருப்பவருக்கு இந்த வழி பெரும்பாலும் அடைபட்டதே.

பகல் பயணத்துக்கு முன்பதிவு செய்யக்கூடிய இரண்டாம் வகுப்பு இருக்கைப் பெட்டிகளும் உள்ளன. 1977 முதல் ஓடும் வைகை விரைவு ரயில் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவ்வகை இருக்கைக்குப் படுக்கையைவிடக் கட்டணம் குறைவு. ஆனால் ஒரு பகல் முழுவதும் பயணத்தில் போய்விடும்.

பொதுப்பெட்டி

முன்பதிவில்லாப் பொதுப்பெட்டியே மிக மலிவான வழி. பயணச்சீட்டு எவருக்கும் மறுக்கப்படுவதில்லை; ஆனால் அது இருக்கைக்கு உறுதி தருவதுமில்லை. பழைய வகைப் பொதுப்பெட்டியில் 90 பேரும், எல்.எச்.பி. வகையில் 100 பேரும் அமரலாம். விடுமுறைக் காலத்தில் அதைப்போல் இரு மடங்குக்கும் மேலானோர் ஏறுவதுண்டு. அப்போது கழிப்பறை வாசலிலும் கதவருகிலும் ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். கைக்குழந்தையுடன் வரும் தாயும் முதியவரும் தண்ணீர் குடிக்கவே தயங்கும் நிலை ஏற்படும். ஏனெனில் கூட்டத்தைத் தாண்டிக் கழிப்பறைக்குப் போக முடியாது.

முழுவதும் முன்பதிவில்லாப் பெட்டிகளைக் கொண்ட அந்த்யோதயா ரயில்கள் இந்த நெரிசலுக்கு ஒரு தீர்வு. தாம்பரம்–நாகர்கோவில் அந்த்யோதயா ரயிலைத் தென்மாவட்டப் பயணிகள் பெரிதும் பயன்படுத்துகின்றனர். 2023 டிசம்பர் 30 அன்று தொடங்கப்பட்ட அம்ரித் பாரத் ரயில்களும் குளிரூட்டப்படாத வகுப்புகளுக்கானவை. மறுபுறம், பல ரயில்களில் படுக்கைப் பெட்டிகள் குறைந்து குளிரூட்டப்பட்ட பெட்டிகள் கூடியுள்ளன. அதனால் படுக்கைப் பெட்டியில் இடம் கிடைக்காதவர்களில் ஒரு பகுதியினர் பொதுப்பெட்டிக்கே வந்து சேர்கின்றனர்.

அரசுப் பேருந்தும் ஆம்னி பேருந்தும்

அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகப் பேருந்துகளின் கட்டணத்தைத் தமிழ்நாடு அரசு நிர்ணயிக்கிறது. 2018 ஜனவரியில் அது கணிசமாக உயர்த்தப்பட்டது. ரயிலின் பொதுப்பெட்டியைவிடக் கட்டணம் கூடுதல் என்றாலும், ரயில் பாதை இல்லாத ஊர்களுக்கும் பேருந்து செல்கிறது. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததைப் பிடிக்கலாம். பண்டிகை நாட்களில் ஆயிரக்கணக்கான சிறப்புப் பேருந்துகளும் இயக்கப்படுகின்றன.

ஆம்னி பேருந்துகள் சட்டப்படி ஒப்பந்த ஊர்தி வகையைச் சேர்ந்தவை. அவற்றின் கட்டணத்தை உரிமையாளர்களே முடிவு செய்கின்றனர். கூட்டமில்லாத நாளில் படுக்கை வசதியே மலிவாகக் கிடைக்கலாம். தீபாவளி, பொங்கல் காலத்தில் அதே படுக்கை பல மடங்கு விலைக்குப் போகும். அப்போது போக்குவரத்துத் துறை சோதனை நடத்தி, அதிகக் கட்டணம் வாங்கியவற்றுக்கு அபராதம் விதிப்பதும் ஆண்டுதோறும் நடக்கிறது. ரயிலில் முந்திப் பதிவு செய்தவருக்கு இடம் கிடைக்கிறது. ஆம்னி பேருந்தில் கூடுதல் பணம் கொடுப்பவருக்குக் கிடைக்கிறது.

பேருந்துச் செலவில் நிலையத்துக்குப் போகும் செலவையும் சேர்க்க வேண்டும். சென்னையில் தென்மாவட்டப் பேருந்துகளின் முதன்மை நிலையம் கோயம்பேட்டிலிருந்து, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கத்துக்கு மாறியது. வடசென்னையில் வசிப்பவருக்கு அங்கே போய்ச் சேர்வதே ஒரு தனிப் பயணம்.

உடல்நலமும் பாதுகாப்பும்

பேருந்துகளில் பொதுவாகக் கழிப்பறை இல்லை. ஓட்டுநர் நிறுத்தும் நெடுஞ்சாலை உணவகமே கழிப்பறைக்கும் சாப்பாட்டுக்கும் இடம். அங்கே உணவு விலை அதிகமாக இருப்பது வழக்கம். நீரிழிவு நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோருக்கு எட்டு, பத்து மணி நேரப் பேருந்துப் பயணம் இதனாலேயே சிரமமானது. ரயிலில் எழுந்து நடக்கவும் காலை நீட்டவும் முடியும். படுக்கைப் பெட்டிகளில் 45 வயதைக் கடந்த பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு உண்டு. ஆனால் மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது.

திடீர்ப் பயணம்

குறைந்த கட்டண முறையின் பெரிய குறை திடீர்ப் பயணத்தில் தெரியும். சென்னையில் வேலை செய்யும் ஒருவருக்கு மாலை 4 மணிக்குத் திருநெல்வேலியிலிருந்து சாவுச் செய்தி வருகிறது என்று கொள்வோம். அன்றிரவு ரயில்களுக்கான தட்கல் பதிவு முந்தைய நாளே முடிந்துவிட்டது. பட்டியல் தயாரான பின் இடம் மீதமிருந்தால் கடைசி நேரப் பதிவில் கிடைக்கலாம். இல்லாவிட்டால் பொதுப்பெட்டியில் நின்றுகொண்டு போக வேண்டும். அல்லது பேருந்துக்குக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும். நாள் குறித்துத் திருமணத்துக்குச் செல்பவருக்கு எளிதில் கிடைக்கும் மலிவான படுக்கை, அன்றைய கூலியை விட்டுவிட்டு இழவு வீட்டுக்கு ஓடுபவருக்குக் கிடைப்பது அரிது. இருவருக்கும் கட்டணப் பட்டியல் ஒன்றே. முன்கூட்டித் திட்டமிட முடிவதே இங்கே ஒரு வசதியாகிவிடுகிறது.

பயணிகள் அறிய வேண்டிய விதிகள்

முன்பதிவில்லாச் சீட்டை நிலையத்தில் வரிசையில் நிற்காமல் கைபேசிச் செயலியிலும் எடுக்கலாம். 200 கிலோமீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பயணங்களுக்கு மூன்று நாள் முன்பே எடுக்க முடியும். அதிவிரைவு ரயிலில் ஏறினால் கூடுதல் கட்டணமும் செலுத்தியிருக்க வேண்டும். பொதுப்பெட்டிச் சீட்டுடன் படுக்கைப் பெட்டியில் பயணம் செய்தால் கட்டண வேறுபாட்டுடன் குறைந்தது 250 ரூபாய் அபராதம் உண்டு. ஆயினும் சில ரயில்களில், குறிப்பிட்ட நிலையங்களுக்கிடையே மட்டும், குறிப்பிட்ட படுக்கைப் பெட்டிகளில் முன்பதிவில்லாச் சீட்டுடன் பயணம் செய்ய அனுமதி உள்ளது. ஏறுமுன் நிலையத்தில் கேட்டு அறிவது நல்லது.

முன்பதிவு செய்த ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாகி, பயணி பயணம் செய்யாமல் விட்டால், ரயில் புறப்படும் முன் உரிய முறையில் விண்ணப்பித்து முழுக் கட்டணத்தையும் திரும்பப் பெறலாம். தட்கல் சீட்டுக்கும் இது பொருந்தும்.