வேலை நின்று போனால் கைக்கு வர வேண்டிய காசு



"கூட வேலை செய்த பையனின் அண்ணன் லண்டனில் இருக்கிறார். வேலை நின்றதும் அரசாங்கத்தில் காசு எடுத்தாராம். இங்கே அதற்கு எந்தக் கந்தோரில் எழுதிக் கொடுக்கிறது?" ரத்தோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் எங்களிடம் இப்படிக் கேட்டார். கொழும்புக் கடையில் வேலை நின்று ஊர் திரும்பியவர்.

கேள்வி நல்ல கேள்விதான். பிரித்தானியாவில் 1911 இலேயே இதற்குச் சட்டம் வந்துவிட்டது. அங்கே வேலை தேடித் திரிகிறோம் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் காசை நிறுத்தி விடுவார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு நிதி இன்றுவரை கிடையாது. சமுர்த்திக்குப் பதிலாக 2023 இல் வந்த அஸ்வெசும குடும்பத்தின் வறுமையைப் பார்த்துக் கொடுப்பது. வேலை போனது மட்டும் அதற்குக் காரணமாகாது.

அப்படியென்றால் நமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. அரசாங்கம் தரும் உதவி அல்ல, நாம் உழைத்துச் சேர்த்த காசு.

முதலாவது சேமலாப நிதி, அதாவது ஈ.பி.எஃப். 1958 ஆம் ஆண்டுச் சட்டம். சம்பளத்தில் நம்மிடம் நூற்றுக்கு 8, தோட்டம் போடுவது 12. வேலை நின்றவுடன் இதை எடுக்க முடியாது. ஆண்களுக்கு 55 வயது, பெண்களுக்கு 50 வயது ஆக வேண்டும். கலியாணத்துக்காக வேலையை விடும் பெண்களும், நிரந்தரமாக உடல் இயலாமல் போனவர்களும் முன்பே எடுக்கலாம். வீட்டுக்கோ வைத்தியத்துக்கோ நூற்றுக்கு 30 வரை எடுக்க வழியுண்டு, ஆனால் பத்து வருடம் காசு போட்டிருக்க வேண்டும், கணக்கில் மூன்று லட்சமாவது இருக்க வேண்டும். இருபத்தெட்டு வயதில் வந்து "எடுத்துத் தாங்க" என்று கேட்டால் நாங்கள் என்ன செய்வது? காசு எங்கேயும் போகாது, வட்டியோடு கிடக்கும். ஒவ்வொரு வேலையிடத்திலும் வேறு இலக்கம் கொடுப்பார்கள். அந்த இலக்கங்களை எழுதி வையுங்கள்.

இரண்டாவது ஈ.டி.எஃப். 1980 ஆம் ஆண்டுச் சட்டம். நம் சம்பளத்தில் ஒரு சதமும் வெட்டாமல் முதலாளி நூற்றுக்கு 3 போடுகிறார். வேலையை விட்டால் வயது பார்க்காமல் இதை எடுக்கலாம். ஒருமுறை எடுத்தால் அடுத்தது ஐந்து வருடம் கழித்துத்தான். தீபாவளிச் செலவுக்கென்று அவசரப்பட வேண்டாம்.

மூன்றாவதுதான் நம் ஆட்கள் அதிகம் கோட்டை விடுவது: 1983 ஆம் ஆண்டுச் சட்டப்படி வரும் பணிக்கொடை, நாம் சொல்லும் சேவைக்காலப் பணம். பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் முடித்திருந்தால், வருடத்துக்கு 14 நாள் சம்பளம். கணக்குக்குச் சுலபமாக நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வைப்போம். இருபது வருடத்துக்கு 280 நாள், 2,80,000 ரூபா. "நானாகத்தானே பேரை வெட்டிக்கிட்டேன், எனக்கு எப்படிக் கிடைக்கும்?" என்பார்கள். தானாக விலகினாலும் கிடைக்கும். முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகக் காசும் சேர்த்துக் கட்ட வேண்டும்.

வேலையை நிறுத்தியது அநியாயம் என்றால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றுக்குப் போக வேண்டும். குற்றம் எதுவும் இல்லாமல் ஆட்குறைப்பு என்று நிறுத்தினால், 1971 ஆம் ஆண்டுச் சட்டப்படி நம் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். ஆகவே வாசிக்கத் தெரியாத மொழியில் நீட்டும் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். அது "விலகுகிறேன்" என்ற கடிதமாக இருக்கலாம்.

நாங்கள் கண்ட ஓர் அம்மா, இருபத்து நாலு வருடம் கொழுந்தெடுத்தவர். வேலைக்கு வர வேண்டாம் என்று வாயால் சொன்னார்களாம், கடிதம் எதுவும் இல்லை. "கூப்பிடுவாங்க, கூப்பிடுவாங்க" என்று தம்புள்ளையில் மரக்கறி மூட்டை பிரித்துக்கொண்டு எட்டு மாதம் இருந்துவிட்டார். எங்களிடம் வந்தபோது ஆறு மாதத் தவணை தாண்டிவிட்டது. சேவைக்காலப் பணத்துக்கும் சேமலாப நிதிக்கும் எழுதினோம். அங்கே வேறு சிக்கல். செக்ரோலில் ராமாயி, அடையாள அட்டையில் ராமலெட்சுமி. இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சமாதான நீதவான் முன்னால் சத்தியக்கடதாசி முடித்து, தோட்டத்துக் கடிதமும் வாங்கி, மாத்தளைக்கு நாலு தடவை பஸ் ஏறிய பிறகுதான் காரியம் நடந்தது.

இந்தப் பெயர்ப் பிழை நம் லயங்களில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. வேலையில் இருக்கும்போதே சம்பளத் துண்டையும் அடையாள அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பெரிய கிளாக்கரிடம் சொல்லித் திருத்துங்கள்.

மாத்தளைத் தொழில் அலுவலகத்துக்குப் போகிறவர்கள் அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், நிதி இலக்கம், வேலை நின்ற கடிதம், கடைசிச் சம்பளத் துண்டுகள் எல்லாவற்றையும் பிரதியோடு கொண்டு போங்கள். சத்தியக்கடதாசி எழுத உதவி வேண்டுமானால், சம்பளம் போட்ட மறுநாள் பின்னேரம் பிள்ளை மடுவத்துக்கு வாருங்கள். நாங்கள் இருப்போம்.