காலையில் எழுந்ததும் உடம்பு ஏன் விறைப்பாக இருக்கிறது?

இரவெல்லாம் ஓய்வெடுத்த உடம்பு, விடிந்ததும் லேசாக அல்லவா இருக்க வேண்டும்? பிறகு ஏன் முதுகும் முழங்காலும் மடங்க மறுக்கின்றன?

மூட்டுகளுக்குள் வழுவழுப்பான திரவம் ஒன்று இருக்கிறது. மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் இறுகுமே, அதுபோல அசைவில்லாத நேரத்தில் இது கெட்டிப்படும். கைகால்களை மெல்ல நீட்டி மடக்குங்கள். திரவம் இளகி மூட்டெங்கும் பரவும். தசைகளுக்கும் ரத்தம் கூடுதலாகப் பாயும்.

இன்னொன்று தெரியுமா? நாம் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டுகள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அதனால் காலையில் நீங்கள் சுமார் 1 செ.மீ. கூடுதல் உயரம்! அந்த நேரத்தில் குனிந்தால் உப்பிய வட்டுகளில் அழுத்தம் கூடும். எனவே எழுந்தவுடனேயே குனிந்து பாதத்தைத் தொட முயலாதீர்கள்.

கைகளை மேலே உயர்த்துங்கள். தோள்களைச் சுழற்றுங்கள். கணுக்கால்களை அசைத்துவிடுங்கள். வலிக்காத அளவுக்கு 5 நிமிடம் செய்தால் போதும். நாளைக் காலையே தொடங்குங்கள்!