கடித்த அன்றே போட வேண்டிய ஊசி

திகனயில் ஒருவரை நாய் கடித்தால், மகியங்கனை வீதியில் ஒரு பக்கம் தெல்தெனிய வைத்தியசாலை, மறுபக்கம் கண்டி தேசிய வைத்தியசாலை. அரச வைத்தியசாலையில் ஊசிக்குக் காசும் இல்லை. அப்படியிருந்தும், "சின்னக் கீறல்தானே, எங்கட வீட்டுக் குட்டிதானே" என்று மஞ்சளை அப்பிக்கொண்டு இருந்துவிடுகிறவர்கள் உண்டு. விசர்நாய்க்கடி நோயின் குறிகள் வெளிப்பட்ட பிறகு காப்பாற்ற வழி அநேகமாக இல்லை. ஆகவே இந்தத் தாமதம் மிகவும் ஆபத்தானது.

சிகிச்சை வீட்டுக் குழாயடியிலேயே தொடங்குகிறது. ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் காயத்தைப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். வைரசின் வெளியுறை கொழுப்பாலானது. சவர்க்காரம் அதைச் சிதைத்துவிடும். மஞ்சள், கோப்பித்தூள், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். கழுவிய கையோடு புறப்பட வேண்டியதுதான்.

காயத்தில் புகுந்த வைரஸ் நரம்பு வழியாக மூளையை நோக்கி நகரும். பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் எடுக்கும். தலையிலோ முகத்திலோ கடித்தால் வழி குறுகிவிடுகிறது. தடுப்பூசி போட்ட பிறகு உடல் எதிர்ப்புச் சக்தியை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேலாகும். அந்த இடைவெளியை நிரப்பவே, ஆழமான கடிகளுக்கு இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளும் சுற்றிலும் ஏற்றுகிறார்கள். 2025 ஏப்ரலில் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், தலையில் கடிபட்ட சிறுமி ஒருத்தி தடுப்பூசி போட்டும் இறந்தாள். தலைக்கடி எவ்வளவு கொடியது என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டியதில்லை.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. அது டேவிட் செம்பிள் 1911இல் இந்தியாவின் கசௌலியில் உருவாக்கிய, ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்தின் காலத்துக் கதை. இப்போது இலங்கை அரச வைத்தியசாலைகளில் தோலுக்குள் 0.1 மில்லிலீற்றர் வீதம், இரண்டு இடங்களில் போடுகிறார்கள்: முதல் நாள், பிறகு 3, 7, 30ஆம் நாட்கள். வலி குறைவு, ஒரு குப்பி மருந்து பலருக்குப் போதும். முதல் ஊசியோடு நின்றுவிடக் கூடாது. முறையாகத் தடுப்பூசி போட்ட, நலமாக இருக்கும் வீட்டு நாய் என்றால், அதைக் கட்டிவைத்துப் பதினான்கு நாள் கவனிக்கும்படி வைத்தியர் சொல்லலாம். அதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும், அயலவர்கள் அல்ல. கட்டாக்காலி நாய், கீரி, மரநாய் கடித்தால் காத்திருக்கவே கூடாது.

கடிபடும் முன்பே போடும் ஊசியும் உண்டு. கால்நடை வைத்தியர்கள், பேராதனையில் கால்நடை மருத்துவம் படிக்கும் மாணவர்கள், நாய் பிடிப்போர் போன்றவர்களுக்கு அது அவசியம். உலக சுகாதார அமைப்பின் 2018ஆம் ஆண்டுப் பரிந்துரைப்படி, ஒரு வார இடைவெளியில் இரண்டு தடவை போட்டால் போதும். இவர்களைக் கடித்தாலும் ஊசி தேவைதான். ஆனால் இரண்டே தடவை, இம்யூனோகுளோபுலின் இல்லாமலே.

ஊரையே காப்பது நாய்க்குப் போடும் ஊசி. 1973இல் இலங்கையில் இந்த நோயால் 377 பேர் இறந்தார்கள். நாய்களுக்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டதாலும், கடிபட்டவர்களுக்குச் சிகிச்சை எட்டியதாலும் அண்மைய ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. கால்நடை வைத்தியர் அலுவலகம் தரும் தடுப்பூசி அட்டையை ஆண்டுதோறும் புதுப்பித்துப் பத்திரமாக வைத்திருங்கள்; உங்கள் நாய் யாரையாவது கடித்தால் வைத்தியர் முதலில் கேட்பது அதைத்தான்.