வயலினைக் கொண்டு பயமுறுத்தியவர்

1960-இல் வெளிவந்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் முதலில் சொன்னார். தண்ணீர் கொட்டும் ஓசையும் அலறலும் போதும் என்று நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அதைக் கேட்டுக்கொள்ளாமல் அந்தக் காட்சிக்கும் எழுதிவைத்தார். இசையோடு சேர்த்துப் பார்த்தபின் ஹிட்ச்காக் தன் முடிவை மாற்றிக்கொண்டார். திகில் படம் என்றதுமே இன்றும் பலர் காதில் ஒலிக்கும் அந்தக் கிறீச்சொலி அப்படித்தான் தப்பிப் பிழைத்தது.

அந்தப் படம் முழுக்க ஹெர்மன் பயன்படுத்தியவை வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் ஆகிய வில் வாத்தியங்கள் மட்டுமே. முரசு இல்லை, ஊதுகுழல் இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளை ஒலி வேண்டும் என்பது அவர் கணக்கு. அன்றைய ஹாலிவுட்டில் வயலின் கூட்டம் என்றால் காதல், கண்ணீர். அதே கூட்டத்தை வைத்து அச்சமூட்ட முடியும் என்று காட்டியதுதான் ஹெர்மனின் பெரிய சாதனை என்பேன்.

எப்படிச் செய்தார்? வயலினில் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் ஒரு சிறு அடைப்பானைப் பொருத்தினால் அதிர்வு குறைந்து ஒலி மங்கும். படம் நெடுக அதை மாட்டியே வாசிக்கச் செய்தார். காதும் அந்த மங்கலுக்குப் பழகிவிடுகிறது. கொலைக் காட்சியில் மட்டும் அடைப்பானைக் கழற்றச் சொன்னார். வயலின்கள் மிக உயர்ந்த ஸ்தாயியில், வில்லை அழுத்தி வெட்டி வெட்டி இழுக்கின்றன. ஒரு சுரம் ஒலித்துக்கொண்டிருக்கும்போதே அதோடு ஒட்டாத இன்னொரு சுரம் வந்து மோதும். அதன்மேல் இன்னொன்று. கொலைகாரன் போனதும் அடிமட்டத்தில் செல்லோவும் பாஸும் கனமாக, மெதுவாக முனகுகின்றன.

இந்த ஒலி ஏன் நம்மை உலுக்குகிறது என்பதற்கு உயிரியலில் ஒரு விளக்கம் உண்டு. ஆபத்தில் கத்தும் விலங்கின் குரல்வளை அளவுமீறி அதிர்வதால் குரல் உடைந்து, ஸ்ருதி சட்டென்று தாவும். கரகரப்பும் சேரும். மார்மட் என்னும் மலை அணில்களின் அலறலை ஆராய்ந்த டேனியல் ப்ளூம்ஸ்டைன் குழுவினர், 2010-இல் வெளியிட்ட ஆய்வில் திகில் படங்களின் ஒலித்தடத்திலும் இத்தகைய சாயல்கள் இருப்பதைக் காட்டினார்கள். ஹெர்மன் இதைத் தன் செவியாலேயே கண்டுகொண்டவர்.

வாத்தியங்களைத் தேர்ந்தெடுப்பதில் அவருக்கு இருந்த துணிச்சல் 'சைக்கோ'வோடு தொடங்கியதல்ல. 1911-இல் நியூயார்க்கில் பிறந்தவர், சிபிஎஸ் வானொலியில் தொழில் பழகி, ஆர்சன் வெல்ஸின் 'சிட்டிசன் கேன்' (1941) வழியாகத் திரைக்கு வந்தார். 1951-இல் வேற்றுக்கிரகவாசி கதையொன்றுக்கு, கையால் தொடாமலே வாசிக்கும் தெரமின் கருவிகள் இரண்டைச் சேர்த்தார். 1959-இல் பூமியின் மையத்துக்குப் போகும் கதைக்கு ஐந்து ஆர்கன்களை வைத்துக்கொண்டு வயலின் குடும்பத்தையே ஒதுக்கிவிட்டார். மறு ஆண்டு 'சைக்கோ'வில் அந்தக் குடும்பத்தைத் தவிர வேறெதுவும் இல்லை! எந்த வாத்தியம் எதை வாசிக்க வேண்டும் என்பதை உதவியாளரிடம் விடாமல் தானே எழுதியவர் என்பதால்தான் இது சாத்தியமாயிற்று.

1966-இல் 'டார்ன் கர்ட்டன்' படத்தில் ஹிட்ச்காக்குடன் முறிவு வந்தது. பிறகு பிரையன் டி பால்மா போன்ற இளம் இயக்குநர்கள் அவரைத் தேடி வந்தார்கள். டி பால்மாவின் 'சிஸ்டர்ஸ்' திகில் படத்துக்கு மூக் சிந்தசைசரைக் கையாண்டார். 1975 டிசம்பரில் மார்ட்டின் ஸ்கார்செஸியின் 'டாக்ஸி டிரைவர்' இசைப்பதிவை முடித்த சில மணி நேரத்திலேயே காலமானார்.

'சைக்கோ'வைப் பார்க்க வாய்த்தால் குளியலறைக் காட்சிக்காகக் காத்திருக்க வேண்டாம். அதற்கு முன்பே, பணத்தைத் திருடிய பெண் தனியாகக் கார் ஓட்டிப் போகும் காட்சி வரும். ஒருமுறை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள்: ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். பிறகு ஒலியோடு பாருங்கள்.